மடைக்கு வடக்கே பதினோரு கூடு

நம் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால் பறவையைப் பற்றிய கதை என்று நினைத்துக்கொண்டு செல்போனில் படம் தேடுவார்கள். உங்களுக்கு அப்படித் தோன்றாது. பக்கத்துத் தட்டில் விழுந்த மீன் துண்டு நம் தட்டில் விழுந்ததைவிடப் பெரியதா என்று அளந்து பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும்.

நான் அளந்தது என் அத்தை மகளை. எனக்கு அப்போது பதினோரு வயது. அவளுக்கும் அதே வயதுதான், என்னைவிட இரண்டு மாதம் சின்னவள்.

காத்திவாக்கத்துக்கு வடக்கே, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழி ஓரத்தில் இருந்த ஓர் உப்பளத்தில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கு அங்கே மடை வேலை. கழியில் தண்ணீர் ஏறும் நேரத்தில் மடைப் பலகையைத் தூக்கி உப்புத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். வடியத் தொடங்குவதற்குள் இறக்கிவிட வேண்டும். பலகை நனைந்து ஊறிக் கனக்கும். ஒரு முனையை நைனா பிடிப்பார், மறுமுனையை நான். அம்மாவுக்குக் கூட அந்த வேலை கிடையாது. தண்ணீர் பலகைக்கு அடியில் சீறிக்கொண்டு வரும்போது இறாக் குஞ்சுகள் என் கணுக்காலில் மோதிப் போகும். அந்த இடத்தில் நிற்க எனக்கு மட்டுமே உரிமை என்று நினைத்திருந்தேன்.

பங்குனி மாதக் கடைசியில் அவள் வந்தாள். வியாசர்பாடியில் இருந்த அத்தைக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை. "ரெண்டு வாரத்துல வந்துருவா" என்று நைனா அவளிடம் சொன்னார். அது பொய் என்று அவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். பிள்ளைகளிடம் உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். அவளோ யார் வாயைத் திறந்தாலும் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது பயம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. எல்லோரும் தன்னையே கவனிக்க வேண்டும் என்று செய்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் காலில் செருப்பு இருந்தது. எங்கள் இடத்தில் செருப்பு ஒரு நாள்கூடத் தாங்காது. இரண்டாம் நாளே ஒன்று சேற்றில் போய்விட்டது. அழுதாள். நைனா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்புவரை நடந்தார். மாமாவின் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு அவள் மேலே உட்கார்ந்து போனதைப் பின்னால் இருந்து பார்த்தபடி வந்தேன். என்னை அவர் கடைசியாகத் தூக்கியது எப்போது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

"நைனா, எனுக்கும் கால் வலிக்குது" என்றேன்.

"ஒனக்கு இன்னா, நீ இங்கியே பொறந்தவ. நட" என்றார்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "திமிரு புச்சிகினு அலையாத. அது ஆத்தா இல்லாம கீது" என்று சொல்லிவிட்டு, அவளுக்குத் தலை பின்ன உட்கார்ந்துவிட்டாள். என் பின்னல் மூன்று நாளாக அவிழ்க்காமல் சடை பிடித்துக் கிடந்தது.

அந்தக் கோடையில்தான் காலேஜ் சார் வந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் வருவார். முட்டிவரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு செடிகளைப் பிடுங்கிப் பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்துவார். அவர் படித்தது செடி. உப்பு மண்ணில் எது முளைக்கிறது, எது முளைக்காது என்பதுதான் அவருக்கு வேலை. உப்பள முதலாளிக்கு இது வேடிக்கையாக இருந்தது. "கீரைக்காரர் வந்துட்டாரா?" என்று கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் உப்புச் சாக்குகளின்மேல் ஒரு வரைபடத்தை விரித்தார். அதில் மாநிலம் கிடையாது, ஊர்ப் பெயர் கிடையாது. நிலம் எந்த வகையோ அதற்கு ஏற்ற நிறம் மட்டும் இருந்தது. மலைக்காடு பச்சை. மேற்கே பெரிய மஞ்சள், அது பாலைவனம். அந்த மஞ்சள் கடலைத் தொடும் இடத்தில் வெள்ளையாக ஒரு பகுதி. "இது உப்புப் பாலைவனம். மழை வந்தா கடல் மாதிரி இருக்கும், வெயில் வந்தா உங்க பாத்தி மாதிரி வெடிச்சுக் கிடக்கும். பூநாரை சேத்தைக் குவிச்சுக் கூடு கட்டும். நான் அங்க ஒரு வருஷம் இருந்தேன்" என்றார்.

"நம்ம எடம் எங்க சார்?" என்று நான்தான் கேட்டேன். அவள் இல்லை, நான்.

அவர் கிழக்குக் கரையில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். அங்கே எந்த நிறமும் இல்லை. "இங்க யாரும் இன்னும் நிறம் போடலை. வெறும் புறம்போக்குன்னு விட்டுட்டாங்க. கடல் தண்ணியும் ஆத்துத் தண்ணியும் மாறி மாறி வர்ற உப்புச் சதுப்பு இது. இது இல்லைன்னா இறால் இல்லை, மீன் இல்லை. பாலைவனத்தையும் சதுப்பையும் மட்டும் ஜனங்க எப்பவும் காலி இடம்னே நினைக்கிறாங்க." சட்டைப் பையிலிருந்து ஊதா நிறப் பென்சில் ஒன்றை எடுத்து நீட்டினார். "யாராவது போடுங்க பாப்போம்."

நான் கையை நீட்டினேன். கையில் சேறு இருந்தது. சார் அதைப் பார்த்தார், சிரித்தார், பென்சிலை அவளிடம் கொடுத்தார்.

வரைபடத்தில் எங்கள் இடம் மெல்லிய ஒரு பட்டைதான். விரல் நகத்தின் அளவுகூட இருக்காது. கோடு தாண்டாமல், நாக்கை உதட்டோரம் மடித்துக்கொண்டு அவள் போட்டாள். எங்கள் கழியை, எங்கள் மடையை, நான் பிறந்த குடிசையை வியாசர்பாடிக்காரி ஊதா அடித்தாள். நைனா குனிந்து பார்த்து, "அச்சு மாதிரி கீதுடி கண்ணு" என்றார்.

அதோடு விடவில்லை. பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டையும் சார் அவளிடம் கொடுத்தார். வாரம் முழுக்கப் பார்ப்பதை எழுதி வைக்க வேண்டும். அவள் கையெழுத்து அழகு. என்னுடையது கோழி கிண்டியது போல இருக்கும் என்று நைனாவே சாரிடம் சொன்னார்.

ஆனால் எழுத அவளுக்கு என்ன தெரியும்? என்னிடம்தான் வருவாள்.

"இது இன்னா செடிடி?"

"உமரி."

"ஏன் செவப்பா கீது?"

"வெயில்ல அப்டித்தான் செவக்கும். மய வந்தா பச்சையாவும்."

"இந்த நண்டுக்கு ஏன் ஒரு கை மட்டும் பெருசா கீது?"

"ஆண் நண்டு. பொட்டைய கூப்ட்டுகினு கீது."

எல்லாவற்றையும் சொன்னேன். சேற்றில் குதித்து நடக்கும் உளுவை எந்த வளையில் இருக்கும், எந்த மேகம் வந்தால் தண்ணீர் அதிகமாக ஏறும், எல்லாம். அவள் அப்படியே எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை சார் வாய்விட்டுப் படித்தார். ஒவ்வொரு வரியும் என் வாயிலிருந்து வந்தது. படித்து முடித்துவிட்டு முதலாளியிடம், "என்கிட்டப் படிக்கிற பசங்களுக்கு ரெண்டு வருஷத்துல தெரியாததை இந்தப் பொண்ணு ரெண்டு வாரத்துல தெரிஞ்சுக்கிட்டா" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொல்லிக்கொடுத்தது என்று அவள் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் நைனா அவள் தலையில் கை வைத்துவிட்டார்.

வயிறு எரிகிறது என்று சொல்வது வெறும் பேச்சு இல்லை. எனக்கு உண்மையிலேயே எரிந்தது. அன்றைக்குக் கஞ்சி இறங்கவில்லை. அம்மா சூடு பிடித்துக்கொண்டது என்று நினைத்து வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுத்தாள்.

சித்திரை நடுவில் முதலாளி புதிதாகச் சில பாத்திகள் வெட்ட வேண்டும் என்றார். மடைக்குத் தெற்கே உமரி படர்ந்த சிவப்புத் திட்டு. வடக்கே ஒன்றுமே முளைக்காத வெறும் சேற்றுத் திட்டு, வெயிலில் காய்ந்து சிப்பித் தூளும் உப்புமாகக் கிடக்கும். சார் இரண்டு நாள் வந்து கெஞ்சித் தெற்குத் திட்டைத் தொடுவதில்லை என்று வாக்கு வாங்கினார். வடக்குத் திட்டுக்கும் ஒரு சொல் வாங்கினார். அங்கே ஏதாவது குஞ்சு பொரிக்கிற நேரமாக இருந்தால் மழை வரும்வரை மண்வெட்டி வைக்கக் கூடாது.

முதலாளி மோசமான ஆள் இல்லை. "இருந்தா நிறுத்தி வெக்கிறேன். இல்லன்னா திங்கக்கெயம வெட்ட ஆரம்பிச்சுருவேன்" என்றார்.

சாருக்குக் கல்லூரியில் பரீட்சை வேலை, அந்த ஞாயிறு வர முடியாது. பறவை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது, அதை அவரே சொல்வார். "வடக்குத் திட்டு முழுக்க நடந்து பாத்து எழுதி வை. சனிக்கிழமை முதலாளிகிட்டக் காட்டிடு" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். ஒரு பெரிய வேலையை நோட்டு வைத்திருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியோடுதான் போயிருப்பார். பாத்தி ஓரத்தில் பிறந்த இன்னொருத்தி பக்கத்தில் நின்றது அவர் கண்ணில் படவில்லை.

வெள்ளிக்கிழமை தண்ணீர் ஏறும் நேரத்தில் நான் மடைக்கு ஓடினேன். பலகையின் மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். நைனா சிரித்துக்கொண்டே, "தூக்கு, தூக்கு, பயப்படாத" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அவள் கணுக்காலில் மோதியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வந்த நாளிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். நைனாவுக்கு அதுதான் சந்தோஷமாக இருந்திருக்கும். இப்போது புரிகிறது. அப்போது நான் பார்த்தது பலகையை மட்டும்தான்.

"நீ கொஞ்சம் அப்பால போ, காலு வய்க்கும்" என்றார் நைனா என்னிடம்.

அவர் வீட்டுக்குப் போனதும் அவள் நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "வடக்குத் திட்டுக்கு போவணும். சேறு இஸ்துக்கும்னு பயமா கீது. நீ போய்ப் பாத்துட்டு வர்றியா? நான் மடை மேல குந்திகினு எயுதறேன்."

போனேன்.

உப்புக்கொத்திப் பறவையைப் பார்த்திருப்பீர்கள். கைக்குள் அடங்கும், மணல் நிறம், உருட்டிவிட்ட மாதிரி ஓடும், சட்டென்று நின்றுவிடும். கூடு என்று ஒன்றும் கட்டாது. குதிகால் பதிந்த பள்ளம் போல ஒரு குழி, சுற்றிலும் கொஞ்சம் சிப்பித் துண்டு, நடுவில் கரும்புள்ளி போட்ட மூன்று முட்டை. ஒரு முழம் தள்ளி நின்றால்கூடக் கூழாங்கல் என்றுதான் தோன்றும். எனக்குத் தெரியும். ஒவ்வொரு கோடையிலும் பார்த்தவள் நான். ஒரு தாய்ப்பறவை இறக்கை ஒடிந்தது போல இழுத்துக்கொண்டு என் முன்னால் ஓடியது, என்னை வேறு பக்கம் கூட்டிப் போக. அந்த ஏமாற்று வேலையும் எனக்குத் தெரியும். திட்டு முழுக்க நடந்தேன். பதினோரு கூடு.

திரும்பி வந்தேன். அவள் பென்சிலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

"ஒண்ணுமேவா?"

"வெறும் சேறு. எயுது."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் மணி மணியாக இருந்தது: வடக்குத் திட்டு. ஒன்றும் இல்லை.

என்ன நினைத்து அப்படிச் சொன்னேன் என்று என்னையே எத்தனையோ முறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். பறவைகள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அந்த நோட்டில் ஒரு பொய் இருக்க வேண்டும், அது அவள் கையெழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று தெரியாமல் இல்லை. தெரிந்தே அதை நினைக்காமல் இருந்தேன்.

நோட்டில் இருந்ததை நம்பித் திங்கட்கிழமை வெட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் மண்வெட்டியோடு வரிசையாக இறங்கினார்கள். பறவைகள் எழும்பிச் சுற்றிச் சுற்றிக் கத்தின. வேலைக்கு வந்த ஓர் அம்மா மண்வெட்டியைத் தூக்கி நைனாவிடம் காட்டினாள். இரும்பில் மஞ்சள் கரு வழிந்துகொண்டிருந்தது. "இன்னா மேஸ்திரி இது, கால் வெக்கிற எடத்துல எல்லாம் முட்டையா கீது" என்றாள். அதற்குள் பாதித் திட்டு போய்விட்டது. இனி நிறுத்தி என்ன என்று சாயங்காலத்துக்குள் முழுவதையும் வெட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சார் வந்தார். சைக்கிளைக்கூட நிறுத்தவில்லை, அப்படியே கீழே போட்டார். வடக்கே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அவள் முன்னால் நின்றார்.

"நீ போய்ப் பாத்தியா?"

நான் அவள் பின்னால் நின்றிருந்தேன். அவள் திரும்பி என்னைக் காட்டப் போகிறாள் என்று கழுத்து நரம்பைப் பார்த்தபடி காத்திருந்தேன்.

"போவல சார்."

"போகாமலே எழுதினியா?"

"ஆமா சார்."

"ஏன்?"

அவள் நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பேசாமல் இருந்தால் குற்றம் செய்தவர்கள் என்றுதானே பெரியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சார் நோட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்திருக்கும் அவளுக்கு.

முதலாளி முன்னால் தலை குனிய வேண்டியிருந்தது நைனாவுக்குத் தாங்கவில்லை. அன்று மத்தியானமே அவளை பஸ் ஏற்றி வியாசர்பாடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதாகக் கிளம்பினார்.

"அவ ஆத்தா இன்னும் வூட்டுக்கு வரலியே" என்றாள் அம்மா.

"பக்கத்து வூட்ல இருக்கட்டும். பொய் சொல்ற பொண்ண எம்பொண்ணோட வெச்சிக்க முடியாது."

எம்பொண்ணு. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நீங்கள் என்னை வெறுப்பீர்கள். அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வர இன்னும் ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை அவள் குடியிருப்பில் யார் யார் வீட்டிலோ சாப்பிட்டாள், யார் யார் வாசலிலோ படுத்தாள். அது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு சார் நோட்டை என்னிடம் கொடுத்தார். "உன் கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை. நீ நேர்ல பாக்கிறவ" என்றார். வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே அவள் எழுதிய கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் கழியில் போட்டேன். பயந்து கிழிக்கவில்லை. அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் என்னுடையது அசிங்கமாக இருந்தது, அதனால். மடைப் பலகையின் மறுமுனையும் எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் நைனா பலகையைத் தூக்கும்போது ஏனோ சிரிக்கவில்லை.

சார் மழைக்காலத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். வடக்குத் திட்டில் சில வருஷம் உப்பு விளைந்தது. பிறகு உப்பளமே மூடியது. மண் கொட்டினார்கள், சுவர் எழும்பியது, இப்போது அங்கே கண்டெய்னர் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தெற்குத் திட்டு பாதியாகக் குறைந்தாலும் இன்னும் இருக்கிறது. கோடையில் இன்னும் சிவக்கிறது.

அவள் டீச்சராகி, தலைமையாசிரியை ஆகி, ஓய்வும் பெற்று இப்போது மாத்தூரில் இருக்கிறாள். நான் நெட்டுக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே இருந்துவிட்டேன். கல்யாணத்தில், சாவில் பார்த்துக்கொள்வோம். அவள் புடவையை, அவள் பிள்ளைகளின் வேலையை, அவள் வீட்டு மாடிப்படியை இந்த வயதிலும் அளந்துகொண்டுதான் இருந்தேன்.

போன மாதம் சில பிள்ளைகள் எங்கள் பக்கம் வந்தார்கள். கழியைச் சுற்றி மிச்சம் இருக்கும் உப்புச் சதுப்பைக் கணக்கெடுத்து, அதைக் காப்பாற்றச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதப் போகிறார்களாம். முன்பு எங்கே என்ன இருந்தது என்று பழைய ஆட்களிடம் கேட்டுக்கொண்டு வந்தார்கள். கண்டெய்னர் சுவரைக் காட்டி, "இங்க முன்னாடி என்ன இருந்தது பாட்டி?" என்று ஒரு பெண் கேட்டாள். அடுத்த வாரம் வாம்மா என்று அனுப்பிவிட்டு மறுநாளே மாத்தூருக்கு பஸ் ஏறினேன்.

அவள் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காராமலே சொன்னேன்.

"அந்த வடக்குத் திட்டுல கூடு இருந்துச்சு. பதினோரு கூடு. எண்ணிட்டுத்தான் வந்தேன். ஒன்கிட்ட ஒண்ணும் இல்லன்னு பொய் சொன்னேன்."

அவள் கையை எடுக்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"மடை மேல இருந்து பாத்துகினுதான இருந்தேன். நீ சுத்திச் சுத்திப் போன, கால பாத்துப் பாத்து வெச்ச. ஒண்ணும் இல்லாத எடத்துல யாருடி அப்டி நடப்பா?"

உட்கார்ந்தேன். "அப்பறம் ஏன் எயுதுன?"

"நீ சொன்னத எயுதலன்னா நீ எங்கூடப் பேச மாட்ட. எங்கம்மா பொயைக்குமான்னு தெரியாது. யாரும் சொல்லமாட்றாங்க. அந்த வூட்ல என் வயசுல இருந்தது நீ ஒருத்திதான்." புளிச் சக்கையைப் பிழிந்து போட்டாள். "முட்ட இருக்கும்னு தெரிஞ்சேதான் எயுதுனேன். நானும் தூங்கல, எத்தினியோ வருசம்."

நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்களா? எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோடையில் எல்லாமே அவளுக்குப் போனது. நைனாவின் தோள், அம்மாவின் சீப்பு, ஊதாப் பென்சில். அந்தப் பொய் ஒன்றுதான் முழுக்க முழுக்க என்னுடையது என்று இத்தனை வருஷம் சுமந்தேன். அதிலும் பாதி அவளுடையதாம். சோறு போட்டாள். சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது, அதையும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

சொன்னபடி அந்தப் பெண் அடுத்த வாரம் வந்தாள். சுவர் ஓரமாக நடந்து, இங்கிருந்து அதுவரை என்று கைகாட்டினேன். உப்புக்கொத்தி, பதினோரு கூடு, கூட்டுக்கு மூன்று முட்டை, பாத்தி வெட்டியதில் போனது. அவள் போனில் தட்டிக்கொண்டே வந்தாள்.

"கூடு இருந்ததை நேர்ல பாத்தது யாரு பாட்டி? பேர் போடணும்."

என் பெயரைச் சொன்னேன். அவள் எழுதினாள். நன்றி சொல்லிவிட்டு நண்பர்கள் நின்ற பக்கம் நடந்தாள். பத்தடி போயிருப்பாள்.

"இந்தாம்மா" என்று கூப்பிட்டேன். "ரெண்டு பேருன்னு போட்டுக்கோ."

அத்தை மகளின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போதுகூட வயிறு எரிந்தது. ஆனாலும் தப்பில்லாமல் எழுதியிருக்கிறாளா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தேன்.